சந்திரகலா பேரில் இருந்த நம்பர்

புரட்டாசி பிறந்தால் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் மீன் விலை இறங்கிவிடும். ஊரில் பாதிப் பேர் பெருமாளுக்காக வாயைக் கட்டியிருக்க, மீதிப் பேருக்கு அது கொண்டாட்டம். அந்த வெள்ளிக்கிழமை காலையில் சாராள் பழவேற்காட்டு மடவை ஒரு கிலோ வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள். சிப்காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்றும் கிடையாது. கம்பெனி எந்த நாளை விடுகிறதோ அதுதான் ஞாயிறு. சாராளுக்கு அது வெள்ளியாக இருந்தது.

மகள் ஏஞ்சல் ஆயுத பூஜை லீவுக்கு வந்திருந்தாள். மதுரைக்கு அந்தப் பக்கம் மலை ஓரமாக இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. ஐந்து வருடப் படிப்பு. அந்த லைன் வீடுகளிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். அதைப் பற்றித் தான் யாரிடமும் பெருமை அடித்துக்கொள்வதில்லை என்று சாராள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கம்பெனியில் அவள் பக்கத்தில் நின்று வேலை செய்கிற அத்தனை பெண்களுக்கும் ஏஞ்சலின் ஹாஸ்டலில் எந்தக் கிழமை என்ன குழம்பு என்பது மனப்பாடம்.

ஞாயிறு ராத்திரி ரயில். அதற்குள் போன் காரியம் ஒன்று முடிய வேண்டும்.

சாராளின் புருஷன் அருணாச்சலம் ரோலிங் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, துவட்டாமலே வந்து உட்கார்ந்தார்.

"இன்னா கண்ணு, இன்னுமா ரோசன பண்ற? ஒரு வருஷத்துக்கு ஒரே தபாவா ரீசார்ஜ் போட்டு வுட்ரு. பேஜாரே இல்ல. நடுவுல முடிஞ்சிபோச்சி நைனா, போட்டு வுடுன்னு நீ கேக்க வாணாம். நான் டூட்டில கீறேன்னு சொல்ல வாணாம்."

"டவரே இல்லாத சிம்முக்கு ஒரு வருஷம் போட்டா, ஒரு வருஷத்துக்கும் டவர் இல்லாமதான் இருக்கும் நைனா."

"அது இன்னா, காலேஜ கொண்டுபோயி காட்லயா கட்டிக்கீறாங்க?"

"மலை அடிவாரம். எங்க ரூம்ல கீற மத்த மூணு பேரும் வேற கம்பெனி சிம்மு. கட்டில்ல படுத்துக்கினே பேசுதுங்க. எனுக்குத்தான் மெயின் கேட் வரைக்கும் நடந்தா ஒரே ஒரு கோடு காட்டுது. ஏழு மணிக்கு மேல ஹாஸ்டல வுட்டு வெளிய வுடமாட்டாங்க."

சாராள் மீனைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "தெனிக்கும் ரெண்டு ஜிபி குடுக்கறான் பாரு, அத்த போடுங்க. படிக்கிற பொண்ணு, நெட்டு இல்லாம இன்னாத்த படிக்கும்?"

சாராளுக்கு ஜிபி என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. ரேஷனில் பருப்பு போடுவதுபோல, கூடக் கிடைத்தால் நல்லது என்று நினைத்திருந்தாள். அவளுடைய கஷ்டம் வேறு. முதல் ஷிப்ட்டில் காலை ஆறு மணிக்கு கேட்டில் போனை வாங்கிப் பையில் போட்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். இரண்டு மணிக்குத்தான் திரும்பக் கைக்கு வரும். அப்போது ஏஞ்சல் வகுப்பில் இருப்பாள். அவள் வகுப்பு முடிந்து கேட் வரைக்கும் நடந்து வந்து கூப்பிடும்போது, இங்கே சாராள் ஓவர்டைமில் நின்றிருப்பாள். இரண்டு மாதத்தில் தாயும் மகளும் ஒழுங்காகப் பேசியது நாலோ ஐந்தோ தடவை. மகளின் குரல் கேட்காத நாட்களில் சாராளுக்குச் சோறு இறங்கவில்லை. அதைச் சொன்னால் பெண் படிப்பை விட்டு ஓடிவந்துவிடுமோ என்று சொல்லாமல் வைத்திருந்தாள்.

"வேற நம்பர் வாங்கிட்டா?" என்றாள்.

"முடியாதும்மா. அட்மிஷன், பேங்கு, ஸ்காலர்ஷிப், எல்லாத்துலயும் இந்த நம்பர்தான் குடுத்துக்கீது. மாசக் கடைசிக்குள்ள ஸ்காலர்ஷிப்புக்குப் போட்டாவணும். அதுக்கு ஓடிபி இந்த நம்பருக்குத்தான் வரும். நான் லேப்ல கம்ப்யூட்டர் முன்னாடி ஒக்காந்திருப்பேன், அது டவர் இல்லாம எங்கயோ நிக்கும். ரெண்டு தபா போட்டு ரெண்டு தபாவும் டைம் முடிஞ்சிபோச்சி. நம்பர அப்டியே வெச்சிக்கினு கம்பெனிய மட்டும் மாத்திடலாம். ரெண்டு நிமிஷ வேல."

ரெண்டு நிமிஷ வேலை என்று யாராவது சொன்னால் அந்த நாளையே மறந்துவிட வேண்டியதுதான். குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் தாயும் மகளும் கிளம்பினார்கள்.

பஜாரில் பார்த்திபன் செல் கடை. பார்த்திபன் நல்ல மனிதர்தான், ஆனால் எதைக் கேட்டாலும் எதிரே இருப்பவர் ஏற்கெனவே தப்பு செய்துவிட்டதுபோலப் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பதில் சொல்லுவார். ஏஞ்சலின் போனை வாங்கி ஏதோ தட்டினார். பெருமூச்சு விட்டார்.

"இது யாரு பேர்ல கீது தெரியுமா?"

"எங்க அம்மா பேர்ல."

"உங்க அம்மா பேரு சந்திரகலாவா?"

ஏஞ்சல் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சாராள் கண்ணாடி அலமாரிக்குள் தொங்கிய போன் உறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினாள்.

"யாரு பேர்ல கீதோ அவங்க வந்து விரல் வெக்கணும்மா. வேற பேர்ல போட்டா திரும்பி வந்துரும். நம்பர் நடுவுல மாட்டிக்கினா அப்புறம் எனுக்கும் பேஜாரு, உங்களுக்கும் பேஜாரு."

வெளியே வந்ததும் ஏஞ்சல் கேட்டாள். "சந்திரகலான்னா நம்ம பக்கத்து ஊட்ல இருந்தாங்களே, சந்திரா அத்தையா?"

"ஆமா."

"அவங்க பேர்ல ஏம்மா?"

"என் கைதான் வெச்சா எடுக்காதே" என்றாள் சாராள்.

அது உண்மை. பம்பு வார்க்கிற கம்பெனியில், வார்ப்புக்குள் வைக்கிற மணல் அச்சு செய்வது அவள் வேலை. மணலும் பிசினும் வருடக்கணக்காக உரசி உரசி விரல் நுனியில் இருந்த கோடுகள் எல்லாம் போய்விட்டன. எட்டு வருடத்துக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்று சிம் வாங்கியபோது, சாராளின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. அருணாச்சலம் டூட்டியில் இருந்தார். கூட நின்ற சந்திரகலா அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தவள். "தள்ளுக்கா, என் கைய வெக்கறேன். யாரு பேர்ல இருந்தா இன்னா, நம்மளுக்குள்ள" என்று சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். அந்தக் காலத்தில் ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டில் கொதிக்கும். பேரா பெரிது?

பிறகு அந்த விடியற்காலை வந்தது. ஐந்தே காலுக்கு கம்பெனி வேன் தண்ணீர் டேங்க் பக்கத்தில் வந்து நிற்கும். அன்றைக்குச் சந்திரகலாவைக் காணோம். அவள் மகள் ரம்யாவுக்கு ராத்திரியெல்லாம் வாந்தி என்று சாராளுக்குத் தெரியும். டிரைவர் பென்னி நாலு நிமிடம் நிறுத்திப் பார்த்தார். ஒரு மாதத்தில் மூன்று தடவை லேட் என்றால் கான்ட்ராக்டர் மணவாளன் கேட்டிலேயே வேலையை விட்டு நிறுத்திவிடுவார். சாராளுக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு. சந்திரகலாவுக்கும் இரண்டு. "இன்னா பண்லாம்மா?" என்று பென்னி முன் சீட்டில் இருந்த சாராளைத்தான் கேட்டார். பின்னால் எல்லோரும் தூக்கத்தில் இருந்தார்கள்.

"எடுண்ணா, அவ வரமாட்டா" என்றாள் சாராள்.

வண்டி கிளம்பித் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் சந்திரகலா தெரிந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிபன் பையோடு ஓடிவந்துகொண்டிருந்தாள். சாராள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது லேட்டில் சந்திரகலாவின் வேலை போனது. எந்த முகத்தோடு போய்ப் பார்ப்பது என்று சாராள் அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை. அவளும் இந்தப் பக்கம் வரவில்லை. பென்னி எப்படியும் சொல்லியிருப்பார், அதனால்தான் வரவில்லை என்று சாராள் முடிவு கட்டிக்கொண்டாள். மூன்று மாதத்தில் சந்திரகலா வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டாள். எளாவூர் செக்போஸ்ட் பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறாள் என்று யாரோ சொல்லிக் கேள்வி. ஆறு வருடம். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்கூட இல்லை.

இத்தனையையும் மகளிடம் எப்படிச் சொல்வது? "அவங்ககூட கொஞ்சம் பேச்சுவார்த்த இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

"அப்ப இன்னாம்மா பண்றது?"

"இன்னா பண்றது. போவலாம் வா" என்று சாராள் ஆந்திரா பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

வானம் மூடிக்கொண்டு புழுக்கமாக இருந்தது. மழை வருகிற மாதிரி இருந்ததே தவிர வரவில்லை. எளாவூரில் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாகச் சாலை ஓரத்தில் நின்றன. கல்கத்தாவிலிருந்து வந்தவை, ஒரிசாவிலிருந்து வந்தவை, மணல், கம்பி, மிளகாய் மூட்டை. அவற்றுக்கு எதிரே தகரக் கூரை போட்ட கடை. பெரிய தோசைக்கல்லுக்குப் பின்னால் சந்திரகலா நின்றிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். முன் தலையில் நரை. இரண்டு டிரைவர்களுக்குத் தெலுங்கிலும், ஒருவனுக்கு இந்தி மாதிரி ஒன்றிலும் பதில் சொல்லிக்கொண்டே மாவை ஊற்றித் தேய்த்தாள்.

சாராள் லாரி ஓரமாக நின்றுகொண்டாள். ஏஞ்சல்தான் முன்னால் போனாள்.

"அத்த, நான் ஏஞ்சல்."

சந்திரகலா நிமிர்ந்தாள். முதலில் பெண்ணைப் பார்த்தாள், பிறகு பின்னால் நின்றவளைப் பார்த்தாள்.

"அட கடவுளே, ஏஞ்சலா இது! இன்னா ஒசரம்! இங்க வா, புகையில நிக்காத, இந்தாண்ட வா." அப்புறம் ஒரு நொடி விட்டு, "வாக்கா" என்றாள். "ஒக்காருங்க. சாப்டீங்களா?"

அந்த 'வாக்கா' சாராளுக்கு எதிர்பாராத ஒன்று. விளக்குமாறு வரும் என்று நினைத்து வந்தவளுக்கு நாற்காலி வந்தது. இரண்டு தட்டில் தோசையும் வடகறியும் வந்தன. என்ன படிப்பு, எங்கே, ஹாஸ்டலில் சோறு நன்றாக இருக்கிறதா என்று கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ரம்யா எட்டாவது படிக்கிறாள், கணக்கு வராது, பேச்சு நன்றாக வரும் என்றாள். ஏஞ்சல் போன் விஷயத்தைச் சொன்னாள்.

சந்திரகலா சிரித்துவிட்டாள். "இன்னுமா என் பேர்ல கீது? மறந்தே போய்ட்டேன். விரலுதானே, வெச்சா போச்சி. தோ, அந்தாண்ட நந்தினி குடை போட்டுக்கினு ஒக்காந்துக்கீறா பாரு, எல்லா கம்பெனி சிம்மும் வெச்சிக்கீறா. லாரிக்காரங்க பூரா அவகிட்டதான் வாங்கறாங்க. எந்த பிளானு போடப்போற?"

"அம்மா தெனிக்கும் ரெண்டு ஜிபி போடச் சொல்றாங்க. நைனா ஒரு வருஷம் போடச் சொல்றாரு."

"நீ இன்னா சொல்ற?"

ஏஞ்சல் தோசையைப் பிய்த்தபடி கொஞ்சம் தயங்கினாள். "காலேஜ் பூரா வைபை கீது அத்த. நெட்டு எனுக்கு வாணாம். பேசறதுக்கு மட்டும் கீறது போதும். அம்மாவுது பட்டன் போனு. நைட்டு அம்மாகூடப் பேசணும். மத்த பொண்ணுங்க அவங்க அம்மாகூட பேசறப்ப நான் மட்டும் போர்வையப் போத்திக்கினு படுத்திருக்கேன்."

சாராள் கையில் இருந்த தோசை அப்படியே இருந்தது. இந்தப் பெண்ணும் சொல்லாமல்தான் வைத்திருந்திருக்கிறது.

"கேட்டியாக்கா? பேச்சு மட்டும் கீற பிளானு கீது. எம்பத்தி நாலு நாளு. லாரிக்காரங்க அத்ததான் போடுவாங்க. நந்தினிய கேளு, அவ சொல்லுவா." சந்திரகலா தோசையைத் திருப்பினாள். "உன் பொண்ணு படிச்சி மேல வந்துரும்க்கா. எனுக்கு வேல போவாம இருந்தா நானும் ரம்யாவ நல்ல ஸ்கூல்ல சேத்திருப்பேன். எல்லாம் அந்த பென்னிதான். நாலு நிமிஷம் நின்னானாம், இன்னொரு நிமிஷம் நிக்கக்கூடாதா? இப்ப ஆரம்பாக்கம் பக்கம் வண்டி ஓட்டறான். ஆளுங்கள எறக்கிட்டு ரெண்டரைக்கு தெனிக்கும் இங்கதான் வந்து டீ குடிக்கறான். நான் வாய்க்கு வந்தத பேசுவேன். ஒண்ணியும் சொல்லாம குடிச்சிட்டுப் போயிருவான். சூடு சொரணை வாணாம் ஒரு மனுஷனுக்கு?"

சாராள் தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"நீ முன்னாடி ஒக்காந்திருந்திருப்ப. கொஞ்சம் நில்லுண்ணான்னு நீ சொல்லித்தான் இருப்ப. அவன் கேட்டிருக்கமாட்டான். உம்மேல எனுக்கு அந்தக் கோவம் இல்ல. வேல போனப்புறம் எட்டிப் பாக்கல பாரு, அதான். வேல போனவ ஊட்டுக்குப் போனா நம்மளையும் தள்ளிருவாங்கன்னு நெனச்சிட்டியோன்னு."

அப்போதுதான் சாராளுக்கு விஷயம் புரிந்தது. இவளுக்குத் தெரியவே தெரியாது. ஆறு வருடமாகத் தெரியும் என்று நினைத்துத் தான் ஒளிந்துகொண்டிருந்தது வீண். பென்னி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் இந்தத் தகரக் கூரையின் கீழே வந்து, சாராளுக்கு வரவேண்டிய திட்டை அவர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

சும்மா இருந்தால் போதும். விரல் தயாராக இருக்கிறது, குடை எதிரே இருக்கிறது. பத்து நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். மாசக் கடைசிக்குள் பெண்ணுக்கு ஸ்காலர்ஷிப், ராத்திரி ஒன்பது மணிக்குப் பெண்ணின் குரல். வேண்டுமானால் விரல் வைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். இப்படியெல்லாம் சாராளின் மனம் கணக்குப் போட்டது. விரலை வாங்கிக்கொண்டு பிறகு சொன்னால் அது முன்னதைவிடக் கேவலம் என்றும் அதே மனம் சொன்னது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சந்திரகலா கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "வா கண்ணு, வெச்சிட்டு வந்துரலாம்."

"சந்திரா, நில்லு."

"இன்னாக்கா?"

"பென்னிண்ணா எடுக்கல. அவரு நிக்கத்தான் பாத்தாரு. என்னாண்ட கேட்டாரு. எடுண்ணான்னு நான்தான் சொன்னேன்."

சந்திரகலா துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள்.

"நீ ஓடி வந்ததயும் பாத்தேன். கண்ணாடில தெரிஞ்ச. நிறுத்துன்னு சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாரு. சொல்லல. எனுக்கும் ரெண்டு லேட்டு இருந்திச்சி. பயம். உனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சிதான் மூஞ்சில முழிக்காம இருந்தேன்."

ஏஞ்சல் அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கல்லில் விட்டிருந்த தோசை கருகி வாசனை வந்தது. சந்திரகலா உள்ளே போய், அதைச் சுரண்டி எடுத்துத் தூக்கி எறிந்தாள். கல்லில் தண்ணீர் தெளித்தாள், விளக்குமாற்றுக் குச்சியால் தேய்த்தாள், மறுபடியும் தண்ணீர் தெளித்தாள். 

"கொழந்தய பக்கத்து ஊட்ல போட்டுட்டு ஓடி வந்தேன்" என்றாள், கல்லைப் பார்த்தபடியே. "வண்டி பின்னாடி செவப்பு லைட்டு தெரிஞ்சிது. உன் பேரச் சொல்லித்தான் கத்திக்கினே ஓடி வந்தேன். நீ நிறுத்துவன்னு."

சாராள் அழுதாள். சத்தம் வரவில்லை, ஆனால் மறைக்கவும் இல்லை.

"போலாம்மா" என்று ஏஞ்சல் மெதுவாக அவள் கையைப் பிடித்தாள். "ஸ்காலர்ஷிப்புக்கு வேற வழி எதுனா பாத்துக்கறேன்."

"எங்க போற?" சந்திரகலா அடுப்பைக் குறைத்துவிட்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. சாராளைப் பார்க்காமல் ஏஞ்சலின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "உங்க அம்மா பண்ணதுக்கு உன் படிப்ப நான் இன்னாத்துக்கு நிறுத்தணும்? நானும் அவள மாதிரி ஆவறதுக்கா? நட."

குடைக்குக் கீழே நந்தினி மெஷினை நீட்டினாள். சந்திரகலா கட்டைவிரலை அழுத்தினாள். பச்சை விளக்கு உடனே வந்தது.

"யக்கா, பேரையும் உங்க பேர்லயே வெச்சிக்கட்டுமா, இல்ல பாப்பா பேருக்கு மாத்தணும்னா பின்னால தனியா எழுதிக் குடுக்கணும்" என்றாள் நந்தினி.

"மாத்தணும். பதினெட்டு ஆயிடிச்சில்ல, அவ பேருக்கு மாத்திக்கட்டும். எப்ப வரணுமோ சொல்லு, வந்து கையெழுத்துப் போடறேன்" என்றாள் சந்திரகலா.

"பிளானு?"

"எம்பத்தி நாலு நாளு. பேச மட்டும்" என்றாள் ஏஞ்சல்.

சாராள் சாலை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே போகத் துணிவு வரவில்லை, விலகிப் போகவும் மனம் இல்லை. புது சிம்மைச் சின்னக் கவரில் போட்டு ஏஞ்சல் பையில் வைத்துக்கொண்டாள். நாலைந்து நாளில் வேலை செய்யும் என்று நந்தினி சொன்னாள். மூன்று பேரும் கடைக்குத் திரும்பினார்கள். 

ரெண்டரைக்கு ஒரு கம்பெனி வேன் வந்து ஓரம் கட்டியது. பென்னி இறங்கினார். தலை முழுக்க வெளுத்திருந்தது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான பெஞ்சின் நுனியில், சீக்கிரம் எழுந்து போகிறவர் மாதிரி உட்கார்ந்தார். அப்புறம்தான் சாராளைப் பார்த்தார். அவளையும் சந்திரகலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

"பாய்லருகிட்ட போ" என்றாள் சந்திரகலா சாராளிடம். "நீ போட்டுக் குடு அவருக்கு."

சாராள் எழுந்து போய் டிகாக்‌ஷனை ஊற்றினாள், பாலை ஊற்றினாள். 

"சக்கர ரெண்டு கரண்டி போடு" என்றாள் சந்திரகலா, தாழ்ந்த குரலில். "ஆறு வருஷமா அந்த மனுஷனுக்கு நான் சக்கரையே போட்டதில்ல."

சாராள் கிளாஸை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தாள். "சொல்லிட்டேண்ணா" என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தவர், அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கிளாசு மாறிப்போச்சா?"

சந்திரகலா திரும்பவில்லை. கல்லில் மாவை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாறல. குடிங்கண்ணா."